ராசிக் கார்டு

கல்யாண வீடியோ பிடிக்கிற நிமலனிடம் நாலு மெமரி கார்டுகள் இருந்தன. ஆனால் யாராவது கேட்டால் ஒன்றுதான் இருக்கிறது என்பான். மற்ற மூன்றும் அவன் கணக்கில் கார்டே இல்லை. பந்தியில் சோறு போடுவது, மாமன்மார்கள் வரிசையாக நின்று முறைப்பது, பிள்ளைகள் பலூன் உடைப்பது, இதையெல்லாம் பிடிக்கிற எடுபிடிகள். ராசிக் கார்டு என்றால் அது ஒன்றுதான். பேர் எழுதியிருக்கிற பக்கத்தில் ஒரு குங்குமப் பொட்டு, படுத்துத் தூங்க ஒரு குங்குமச் சிமிழ். பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் நடுவே எந்தத் தேயிலைத் தோட்டத்தில் கல்யாணம் என்றாலும், தாலி கட்டுகிற நேரத்தில் நிமலனின் கேமராவுக்குள் அந்தக் கார்டுதான் இருக்கும்.

அதற்கு ஒரு கதை உண்டு. கேட்டவர்களுக்கும் சொல்லுவான், கேட்காதவர்களுக்கும் சொல்லுவான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவன் பிடித்த முதல் கல்யாணம். விடிந்ததிலிருந்து அடைமழை, பந்தல் ஒழுகுகிறது, மாப்பிள்ளையின் செருப்பைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஐயர் தாலியைக் கையில் எடுத்ததும் மழை பட்டென்று நின்றது. மூன்று முடிச்சும் விழுகிறவரை பளீரென்று வெயில். வீடியோ அப்படி வந்தது! மறு வருடம் அந்த ஜோடிக்கு இரட்டைப் பிள்ளை. அதற்குப் பிறகு நிமலனுக்கு ஓய்வே இல்லை. மழை நின்றதற்கும் கார்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்டுவிட்டால், அப்புறம் உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான்.

ராசி போய்விடக் கூடாதென்று அந்த முதல் கல்யாணத்தை அவன் கார்டிலிருந்து அழிக்கவே இல்லை. முக்கால்வாசி இடத்தை அது ஒன்றே அடைத்துக்கொண்டு கிடந்தது. மிச்சக் கால்வாசியில்தான் ஒன்பது வருடமாகத் தாலி கட்டு நடந்தது. பிடிப்பான், கம்ப்யூட்டரில் ஏற்றுவான், அழிப்பான், மறுபடியும் பிடிப்பான். கல்யாணம் மட்டுமா? சடங்கு, தேர்த் திருவிழா, பாலர் பாடசாலைக் கலைவிழா, எதுவானாலும் முதல் அரை மணி நேரம் ராசிக் கார்டுக்குத்தான்.

இதோடு இன்னொரு வியாதியும் அவனுக்கு இருந்தது. முகூர்த்த நேரத்தில் எவனாவது போனைத் தூக்கிப் பிடித்தால் மேளத்துக்கு மேலே கத்துவான். "போன கீழ எறக்குங்க! நா எதுக்கு இங்க நிக்கிறேன், வேடிக்க பாக்கவா?" ஊரே பயந்து போனை மடியில் வைத்துக்கொள்ளும். அந்தப் பெருமை வேறு.

இப்படி இருக்கையில்தான் துஷாந்தினியின் கல்யாணம் வந்தது. வெள்ளிக்கிழமை முகூர்த்தம். அவள் அம்மா பாக்கியலெட்சுமி புதன்கிழமை வரைக்கும் மலைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்தால் பதறிப் பதறியே செத்துப்போவேன் என்று சொல்லிவிட்டுப் போனவள். புதன்கிழமை பத்து மணிக்குப் பன்னிரண்டாம் நம்பர் மலையில் குளவிக்கூடு கலைந்தது. நாலு பேருக்குக் கொட்டு. அதில் அதிகமாக வாங்கிக்கொண்டது பாக்கியலெட்சுமி. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை சாயந்தரம் அவள் புருஷன் அழகரோடு நிமலனும் அவளைப் பார்க்கப் போனான். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் திங்கட்கிழமைக்கு முன்னால் விடமாட்டேன் என்று டொக்டர் சொல்லிவிட்டார். முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. ஒரு கண் முழுக்க மூடிக் கிடந்தது. கல்யாணத்தைத் தள்ளிப் போடலாமா என்று அழகர் வாயெடுத்ததுதான் தாமதம், மனுஷி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"தள்ளிப் போடுறதா? மாப்புள வீட்டு ஆளுங்க லுணுகலையிலருந்து பஸ்ஸு புடிச்சாச்சு. நா வரலன்னா என்னா, கல்யாணம் எனக்கா?"

அப்படிச் சொல்லிவிட்டுத் திறந்திருந்த ஒரு கண்ணால் நிமலனைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் தண்ணீர் கோர்த்திருந்தது.

"தம்பி, மால மாத்துறது, சாப்பாடு, ஆட்டம் பாட்டம், அதெல்லாம் எப்படியோ போகட்டும். எம்புள்ள கழுத்துல தாலி ஏறுறத மட்டும் நா பாக்கணும். முழுசா. வெட்டாம."

"ராசிக் கார்டுல புடிக்கிறேங்க்கா. நாளைக்குச் சாயந்தரமே இங்க கொண்டாந்து காட்டுறேன். காட்டலன்னா எம்பேர மாத்திக்கிறேன்."

பேர் மாற்றுகிற சத்தியத்தை நிமலன் லேசாகச் செய்கிறவனில்லை. கிளம்பும்போது அழகர் ஒரு சின்னக் கடதாசிப் பொட்டலத்தை மனைவியின் கையில் வைத்தார். அவள் அதைத் தலையணைக்குக் கீழே சொருகிக்கொண்டாள். கோயில் விபூதியாக இருக்கும் என்று நிமலன் நினைத்தான்.

மறுநாள் கோயிலில் சனம் நிரம்பி வழிந்தது. கோயில் இருப்பது பள்ளத்தில். அங்கே சிக்னல் ஒரு கோடுகூட வராது. வார்ட்டுக்கு வீடியோ கால் போட்டு நேராகவே காட்டிவிடலாம் என்று அழகர் காலையிலிருந்து போனைத் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்து கைவிட்டிருந்தார். முகூர்த்தம் நெருங்கியதும் சரி, பதிந்தாவது வைப்போம் என்று அந்தப் போனைத் தூக்கினார். நிமலனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"அண்ணே, நீங்களுமா? எறக்குங்க! அதான் நா இருக்கேன்ல?"

பெண்ணைப் பெற்றவர் தலையைக் குனிந்துகொண்டு போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். அவர் போட்டதும் கோயிலில் இருந்த அத்தனை பேரும் போட்டார்கள். நிமலன் திருப்தியாகக் கேமராவைத் தோளில் சரிசெய்துகொண்டான்.

மணப்பெண் துஷாந்தினி ஒரு வேலை செய்தாள். உட்கார்ந்த நேரம் முதல் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமலனுக்கு இது ஆகவே ஆகாது.

"துஷா, என்னயப் பாக்காத. மாப்புளயப் பாரு."

"நா ஒங்களயா பாக்குறேன், மாமா?" என்றாள் அவள்.

அவனுக்குச் சட்டென்று விளங்கியது. அவள் பார்ப்பது பதுளை வார்ட்டை. கேமராவை நேராக அவள் முகத்துக்குக் கொண்டுபோனான்.

கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை ரமேஸ் கை நடுங்க நடுங்க முதல் முடிச்சைப் போட்டான். அட்சதை மழையாகக் கொட்டியது, கேமராவின் மேலும் நாலு அரிசி. நிமலனின் கண் துஷாந்தினியின் முகத்தில் ஒட்டிக்கிடந்தது. மேளம் அடங்கிய பிறகுதான் திரையின் மூலையைப் பார்த்தான். பதிவாகிறபோது மினுக்குகிற சிவப்புப் புள்ளியைக் காணோம். அந்த இடத்தில் சிவப்பு எழுத்து நின்றது: கார்டில் எழுத முடியவில்லை. அது எப்போது வந்தது? தாலிக்கு முன்னாலா, பின்னாலா? அவனுக்குத் தெரியவில்லை. கீழே கேமரா ஒரு கேள்வி கேட்டது: எல்லாவற்றையும் அழித்துக் கார்டைப் புதிதாக்கவா?

இந்த இடத்தில் நல்ல மனுஷனாக இருந்தால் வேண்டாம் என்று அமத்துவான். நிமலனும் நல்ல மனுஷன்தான். ஆனால் கார்டு மக்கர் பண்ணினால் அழித்துப் புதிதாக்குவது அவனுக்கு ஒன்பது வருடப் பழக்கம். மூளை யோசிக்க ஆரம்பிப்பதற்குள் கட்டைவிரல் 'ஆம்' என்பதை அமத்திவிட்டது.

திரை ஒரு தரம் இருண்டு வெளிச்சமானது. வீடியோ எதுவும் இல்லை என்று எழுதிக் காட்டியது. தாலி கட்டு இல்லை. ஒன்பது வருடம் காத்துவைத்த அந்த முதல் கல்யாணமும் இல்லை.

நிமலன் ராசிக் கார்டைக் கழற்றிச் சிமிழில் போட்டான், எடுபிடிக் கார்டு ஒன்றைச் செருகினான், மெட்டி போடுவதைப் பிடித்தான், பந்தியைப் பிடித்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்படியும் மணப்பெண் அவனைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"மாமா, தாலி ஏறுனதும் நா அம்மாவப் பாத்தேன்ல. அது விழுந்திருக்கா?"

"விழுந்திருக்கும்மா. ஜோரா விழுந்திருக்கு." சொல்லிவிட்டுக் கேமராவைப் பந்திப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நாங்களும் சாயந்தரம் ஆஸ்பத்திரிக்கு வருகிறோம், அம்மாவிடம் ஆசீர்வாதம் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் போனாள். நிமலன் சோறுகூடச் சாப்பிடாமல் மோட்டார் சைக்கிளை எடுத்தான். பண்டாரவளைக்கு இறங்குகிற வழி முழுவதும் குறுக்கு வழி யோசித்தான். வேறு கல்யாணத்துத் தாலி கட்டைக் காட்டலாமா? பெற்றவளுக்குப் பிள்ளையைத் தெரியாதா? கட்டிய தாலியை அவிழ்த்து இன்னொரு தரம் கட்டச் சொல்லலாமா? அப்படிக் கேட்டால் அழகர் கையாலேயே அவனுக்குக் கருமாதி நடக்கும். யாரோ ஒருத்தர் போனிலாவது இருக்குமே என்று நினைத்தான். எப்படி இருக்கும்? கத்தி இறக்க வைத்தது அவனல்லவா? வழியில் தேயிலைக்குள் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வாய்விட்டு அழுதான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பஸ்லியாவின் கடைக்குப் போனான்.

பஸ்லியா போன் திருத்துகிறவள். பண்டாரவளை மரக்கறிச் சந்தைக்குப் பின்னால் சின்னக் கடை. தண்ணீரில் விழுந்தது, ஆட்டோ ஏறினது, பிள்ளை கடித்தது என்று எந்த நிலையில் போனாலும் பிழைக்க வைப்பாள் என்று பேர். ஜும்மா தொழுகை நேரமாகையால் ஷட்டர் அரைவாசி இறங்கியிருந்தது. நிமலன் குனிந்து உள்ளே நுழைந்தான்.

"நிமலண்ணன், என்ன இது, பேயறைஞ்ச மாதிரி?"

"தங்கச்சி, நா ஒரு பொம்பளயோட கண்ணுல மண்ணப் போட்டுட்டேன்" என்று ஆரம்பித்துச் சிமிழைத் திறந்து மேசையில் வைத்தான். குளவியிலிருந்து கட்டைவிரல்வரை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினான்.

பஸ்லியா குங்குமப் பொட்டைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கார்டை எடுத்துத் துணியால் துடைத்துக் கம்ப்யூட்டரில் செருகினாள். திரையில் ஒரு பெட்டி திறந்தது. அதற்குள் ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்று படங்கள் வந்து விழுந்தன. முதல் படத்தில் ஒழுகுகிற பந்தல், வெறுங்காலோடு ஒரு மாப்பிள்ளை.

"இது... இது என் மொதக் கல்யாணம். நா புடிச்ச மொதக் கல்யாணம். இது அழிஞ்சிருச்சே!"

"நீங்க அழிச்சிருக்கீங்க. கார்டு அழிய மாட்டேண்டு சொல்லியிருக்கு."

பஸ்லியா பேசிக்கொண்டே எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குப் படியெடுத்தாள். பிறகுதான் விளையாட்டுக் காட்டினாள். கார்டிலிருந்த ஒரு படத்தை அழித்தாள், அது மறைந்தது. கார்டைக் கழற்றி மறுபடி செருகினாள். அழித்த படம் பழைய இடத்திலேயே சட்டமாக உட்கார்ந்திருந்தது.

"இந்தா பாருங்க. இதுக்கு எழுதுற ஆயுசு முடிஞ்சிட்டு. உள்ள இருக்கிற சில்லுல ஒவ்வொரு எடத்திலயும் இத்தன தடவதான் எழுதி அழிக்கலாம்டு கணக்கு இருக்கு. அதுக்கு மேல அந்த எடத்தில எழுத்து பிடிக்காது. அதனால கார்டுக்குள்ளேயே ஒரு குட்டி மூள வச்சிருக்கு. நீங்க எதப் பதிஞ்சாலும் அதை ஒரே எடத்தில எழுதாம, இண்டைக்கு இங்க, நாளைக்கு அங்கண்டு மாத்தி மாத்தி எழுதும். ஒரு எடம் கெட்டா அதுல குறி வச்சு ஒதுக்கிட்டு, ஒளிச்சு வச்சிருக்கிற உபரி எடத்தில ஒண்ட எடுத்துக் குடுக்கும். எழுதினதுல ஒரு எழுத்து மங்கினாலும் பக்கத்தில வச்ச குறிப்பப் பாத்துத் திருத்திக்கும்."

நிமலனின் அப்பா முப்பது வருடம் கங்காணியாக இருந்தவர். அவனுக்கு அந்த நிமிடம் கண்ணில் பட்டது பெரட்டுக் களம்தான், காலையில் ஆட்களைக் கூட்டி வைத்து யார் எந்த மலைக்கு என்று பிரித்துவிடுகிற இடம்.

"மல பிரிக்கிற மாதிரியா? இன்னைக்கு ஏழாம் நம்பரு, நாளைக்கு எட்டு, ஒரு மலைக்குத் திரும்பி வர ஏழு நாளு?"

"அது எனக்குத் தெரியாது. செடிக்கு அப்படித்தானா?"

"பின்ன? ஒரே மலையில தெனமும் கொழுந்து எடுத்தா செடி தாங்குமா?" சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. "அய்யய்யோ. முக்காவாசி மலைய நா ஒம்பது வருசமா வேலி போட்டு அடச்சுல்ல வச்சிருந்தேன்!"

"அதேதான். நல்ல கார்டெண்டா அசையாமக் கெடக்கிறதயும் தூக்கி வேற எடத்தில வச்சிட்டு அந்த எடத்தயும் பாவிக்கும். இது மலிவுக் கார்டு, அந்தப் புத்தி இல்ல. மிச்சம் இருந்த துண்டிலயே ஒம்பது வருசம் எழுதி, அழிச்சு, எழுதி, அழிச்சு... உபரி எடமும் முடிஞ்சிட்டு. இனி எழுதினா இருக்கிறதும் கெட்டுப் போகும்டு தெரிஞ்சதும் கதவப் பூட்டிட்டு. இனி யார் எழுதினாலும் ஏத்துக்காது, யார் அழிச்சாலும் அழியாது. படிக்க மட்டும் விடும்."

எங்கப்பா இருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பார் என்று நிமலன் நினைத்தான். ஆனாலும் அவனுக்கு ஒரு கேள்விதான் முக்கியம்.

"தாலி?"

"கடைசிப் பதிவு ஒண்டு இருக்கு. முடிச்சு வைக்காம அந்தரத்தில நிக்குது, அதனால தொறக்குதில்ல. இதே கேமராவில எடுத்த நல்ல வீடியோ ஒண்டு இருந்தா, அத மாதிரியா வச்சு இதச் சரிக்கட்டிப் பாக்கலாம். கேமரா மாத்தினீங்களா?"

"ஒம்பது வருசமா அதே கேமராதான்."

"அப்ப இந்தச் செருப்பில்லாத மாப்புள்ளயே போதும்" என்றாள் பஸ்லியா.

ஒரு மணி நேரம் ஆனது. நிமலன் அந்த ஒரு மணி நேரத்தில் கும்பிடாத சாமி இல்லை. பஸ்லியாவின் மேசையில் ஒட்டியிருந்த மக்கா படத்தைக்கூட ஒரு தரம் கும்பிட்டான். கடைசியில் திரையில் மேளம் கேட்டது. ரமேஸின் நடுங்குகிற கை தெரிந்தது. ஒரு முடிச்சு. இரண்டு. மாப்பிள்ளையின் தங்கச்சி குனிந்து மூன்றாவது முடிச்சை இறுக்கினாள். துஷாந்தினி நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். உதடு அசைந்தது. அத்தோடு படம் நின்றது.

"மாஷா அல்லாஹ்" என்றாள் பஸ்லியா. "இன்னும் ரெண்டு செக்கன் முந்திப் பூட்டியிருந்தா அவ்வளவுதான்." பிறகு கார்டைச் சிமிழில் போட்டுக் கொடுத்தாள். "ராசி முடிஞ்சிட்டு, அண்ணன். இனி இதச் சாமித் தட்டில வச்சிருங்க. மத்த மூணையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாவியுங்க."

பஸ்லியா தாலி கட்டை ஏற்றிக் கொடுத்த லெப்டொப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமலன் பதுளை வார்ட்டுக்குள் நுழையும்போது பார்வையாளர் நேரம் ஆரம்பித்துவிட்டிருந்தது. பாக்கியலெட்சுமியின் முகத்து வீக்கம் வடிந்திருந்தது. இரண்டு கண்ணும் திறந்திருந்தன. கட்டிலுக்குப் பக்கத்தில் கல்யாணச் சேலையோடு துஷாந்தினி, மாலையோடு ரமேஸ், அழகர். பக்கத்துக் கட்டில் பெண்களெல்லாம் புதுப் பெண்ணைப் பார்க்க எழுந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க தம்பி. பேரு மாத்தாம தப்பிச்சீங்க" என்றாள் பாக்கியலெட்சுமி.

துஷாந்தினி குனிந்து அம்மாவின் காலைத் தொடப் போனாள். அம்மா காலை இழுத்துக்கொண்டாள்.

"இரு இரு. இன்னும் தாலி கட்டல."

"என்னாம்மா, இந்தா கழுத்துல கெடக்கு!"

"நா இன்னும் பாக்கலல்ல? தள்ளி நில்லு, மறைக்காத."

புதுப் பெண் அசடு வழியத் தள்ளி நின்றாள். வார்ட்டே சிரித்தது. நிமலன் லெப்டொப்பைப் பாக்கியலெட்சுமியின் மடியில் வைத்து வீடியோவை ஓட்டினான். அவள் தலையணைக்குக் கீழே கையை விட்டு அந்தக் கடதாசிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். விபூதி இல்லை. மஞ்சள் அரிசி. நேற்றே அழகரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்ட அட்சதை. பாதியை அழகரின் கையில் கொட்டினாள். கோயிலில் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்ட அதே கை. நிமலன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

கெட்டிமேளம் முழங்கியது. பாக்கியலெட்சுமி உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். முதல் முடிச்சு விழுந்ததும் கையை உயர்த்தி அட்சதையைத் திரையின் மேல் தூவினாள். அழகர் தூவினார். அரிசி திரையிலிருந்த துஷாந்தினியின் முகத்தில் பட்டுத் தெறித்துக் கீபோர்டின் சாவிகளுக்கு நடுவே உருண்டது. திரையில் மகள் நிமிர்ந்து பார்த்தாள். பஸ்லியாவின் கடையில் நிமலனுக்குக் கேட்காதது இப்போது இந்த அமைதியில் கேட்டது. "அம்மா, பாத்தியா?"

"பாத்தேன்டி" என்றாள் பாக்கியலெட்சுமி திரையைப் பார்த்து. பிறகுதான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நிஜ மகள் ஓடிவந்து கட்டிலில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பாக்கியலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமலனிடம் மெதுவாகக் கேட்டாள். கார்டுக்கு நடந்ததையெல்லாம் அவன் அதற்குள் ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டிருந்தான்.

"தம்பி, இன்னொருக்கா பாக்கலாமா? இல்ல, அந்தக் கார்டு மாதிரி இதுவும் தேஞ்சிருமா?"

"எழுதுனாத்தாங்க்கா தேயும். பாக்குறதுக்குத் தேயாது. எத்தன வாட்டி வேணும்னாலும் பாருங்க."

"அப்ப அரிசியப் பொறுக்குங்க" என்றாள் அவள்.

நிமலன் குனிந்து சாவிகளுக்கு நடுவே சிக்கியிருந்த அட்சதையை ஒவ்வொன்றாக நகத்தால் எடுத்து அவள் கையில் வைத்தான். பக்கத்துக் கட்டில்காரி ஒருத்தி எனக்கும் ரெண்டு கொடு என்று கையை நீட்டினாள்.